புகலிடச் சட்டமும் நம் பிள்ளைகளும்

பூதிகோட்டை என்றவுடன் ஐதர் அலி பிறந்த ஊர் என்பது பலர்க்கும் நினைவிற்கு வரும். அவருடைய முன்னோர் வடக்கிலிருந்து குல்பர்காவுக்கும், பின்னர்க் கோலார்ச் சீமைக்கும் பெயர்ந்து வந்தவர்கள் என வரலாற்றாசிரியர் கூறுவர். நம்மில் பலருடைய பாட்டன்மாரும் பெயர்ந்து வந்தவர்களே. 1880-ஐ அடுத்த ஆண்டுகளில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் சுரங்கங்களைப் பெருக்கியபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் மக்கள் மைசூர் சமஸ்தானத்து எல்லையைத் தாண்டி வந்தனர். அக்காலத்தில் அவர்களைக் கடவுச்சீட்டுக் கேட்டவர் எவருமிலர்.

அதே மாவட்டங்களிலிருந்து, அதே பஞ்சத்திற்கு அஞ்சி, வேறு பலர் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். இவ்விரு கூட்டத்தாருக்கும் பின்னர் நேர்ந்தது என்ன என்பதை நாம் சற்றே ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம், இந்நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைக் குடிமக்கள் அனைவர்க்கும் வழங்கிற்று. எனவே தங்கவயல் தமிழர் இம்மண்ணிலேயே வேரூன்றினர். இலங்கையிலோ 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென விட்டுவைத்தது. எவரைக் குறித்து இவ்வெண்கள் எழுதப்பட்டனவோ அவர்களை எவரும் கலந்துகொள்ளவில்லை. நம்மையும் அவர்களையும் வேறுபடுத்தியது உழைப்போ ஒழுக்கமோ அன்று; சட்டத்தின் ஒரு கோடு மட்டுமே.

அந்தக் கோட்டைப் பற்றிய கல்வியே குடியேற்றச் சட்டமும் புகலிடச் சட்டமும் ஆகும். சட்டப் பட்டம் பெற்றபின் முதுநிலையில் இதனைத் தனியே பயில்வோர் உளர். அவர்கள் முதலில் கற்பது, அகதி எனப்படுபவர் யார் என்பது. 1951-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை இதற்கு விடை கூறுகிறது. இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்டதொரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றன் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என நியாயமான அச்சங்கொண்டு நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதியாவார். பசி இவ்வைந்தனுள் இல்லை. எனவே பிழைப்புத் தேடிச் செல்பவருக்கு ஒரு சட்டமும், உயிருக்கு அஞ்சிச் செல்பவருக்கு வேறொரு சட்டமும் பொருந்துகின்றன. துன்பம் காத்திருக்கும் நாட்டுக்கு எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பது அவ்வுடன்படிக்கையின் உயிர்நாடி.

இந்தியா அதில் கையொப்பமிடவில்லை. எனவே இங்கே பயில்வோர் பல இடங்களிலிருந்து விதிகளைத் திரட்ட வேண்டியுள்ளது. குடிமகன் அல்லாதவருக்கும் உயிர்ப் பாதுகாப்பு உரிமை உண்டு என்று சக்மா மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறிற்று. 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் நீக்கப்பெற்று, 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிநுழைவு, அயல்நாட்டார் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டும் விசாவும் இன்மைக்கான தண்டனையிலிருந்து அரசு விலக்களித்துள்ளது. ஆயினும் விலக்கு என்பது குடியுரிமை அன்று.

ஒரு தேதி எத்துணை வலியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமகனாவார். அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பரில் விதி மேலும் இறுகிற்று. மண்டபத்தில் 1986-இல் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண்மணி ஒருவர்க்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் இவ்விதியையே சுட்டி, அதனை வழங்குமாறு ஆணையிட்டது. விதி முன்னரே இருந்தது. அதனை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

உலகெங்கும் இத்துறை மாணவர் படிக்கும் வழக்குகளுள் தமிழ்ப் பெயர்கள் மிகுதி. 'நியாயமான அச்சம்' என்பதை எவ்வாறு அளப்பது என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1987-இல் தீர்ப்பளித்தது சிவகுமாரன் வழக்கில். தமிழர் அதில் தோற்று, 1988-இல் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஐவரின் அச்சம் உண்மையானதே என 1989-இல் மேல்முறையீட்டில் முடிவாகி, அவர்கள் மீண்டும் பிரிட்டன் சென்றனர். அவ்வைவரின் முறையீடே 1991-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வில்வராஜா வழக்காயிற்று. அங்கும் அவர்கள் வெல்லவில்லை. சித்திரவதைக்கு ஆளாகக்கூடிய நாட்டுக்கு ஒருவரை அனுப்புவது பற்றிக் கனடா உச்ச நீதிமன்றம் 2002-இல் உரைத்தது சுரேஷ் வழக்கில். இத்தகைய வழக்குகளில் அகதியின் வாய்மொழியே பெரும்பாலும் முதற் சான்று. யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி சொல்வதை மொழிபெயர்ப்பாளர் பிறழ உணர்ந்தால் வழக்கே பிறழும். அவள் மொழியையும் சட்டத்தையும் ஒருங்கே அறிந்த வழக்கறிஞரின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இக்கல்வி நம் பிள்ளைகளுக்கு எட்டாததன்று. தங்கவயலிலேயே கெங்கல் அனுமந்தையா பெயரால் அமைந்த சட்டக் கல்லூரி உள்ளது. 1988-இல் வகுப்புகள் தொடங்கிய தேசிய சட்டப் பள்ளி பெங்களூரில் உள்ளது. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டபின், நம் ஆடவரும் பெண்டிரும் நாள்தோறும் வேலைக்கு இரயிலேறிச் செல்லும் நகரமே அது. சட்டப் பட்டத்தின் பின் 'கிளாட்' என்னும் நுழைவுத் தேர்வு எழுதி, ஓராண்டு எல்.எல்.எம். வகுப்பில் சேரலாம். மனித உரிமையையோ அரசியல் சட்டத்தையோ பாடமாகக் கொண்டு, ஆய்வுரையைப் புகலிடம் பற்றி எழுதலாம்.

இதில் வருவாய் உண்டா என்று பெற்றோர் வினவுவர், வினவுதல் முறையே. கம்பெனிச் சட்டம் பயின்றார் பெறும் ஊதியத்தை இதில் எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும் வேலைக்கும் படிப்புக்கும் அயல்நாடு செல்வோர் உள்ள வரையில் குடியேற்றச் சட்டம் அறிந்தவருக்கு வேலையில்லாமற் போகாது. அவ்வருவாயைக்கொண்டு அகதியின் வழக்கையும் எடுத்து நடத்துவோர் உளர். கடன்பட்டுப் படிக்க வேண்டிய வீட்டில் இதனை முன்னரே எண்ணிப் பார்த்துத் துணிதல் நன்று.

பிள்ளையைப் படிக்க வைக்க இயலாத இல்லத்தாரும் ஒன்று செய்யலாம். அயல்நாட்டவரா அல்லரா என்ற ஐயம் எழுந்தால், அல்லர் என மெய்ப்பிக்கும் பொறுப்பு ஐயத்திற்கு உள்ளானவர் மீதே சாரும் என்பது பழைய சட்டத்தின் விதி. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆதலின் தாத்தாவின் சுரங்க வேலைச் சீட்டு, பிறப்புப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய வாக்காளர் பட்டியலின் படி ஆகியவற்றைக் கறையானுக்கு இரையாக விடாமல் காப்போமாக. பெயரும் ஊரும் ஒரே எழுத்தில் உள்ளனவா என இன்றே ஒப்பிட்டுப் பார்ப்போமாக.

தமிழர் பெயர் இச்சட்ட நூல்களில் முறையிடுவோர் பெயராகவே பெரிதும் நிற்கின்றது. நம் சங்கத்துக் குடும்பங்களில் சட்டம் பயிலும் மைந்தரும் மகளிரும் உளர். அவருள் ஒருவரேனும் இத்துறையை மேற்கொள்ள முன்வருவாராயின், சங்கத்தார் அனைவரும் அவருக்குத் துணை நிற்றல் கடன்.