அக்கி ஆறிய பின்னும் ஆறாத வலி

மார்பிலோ விலாவிலோ ஒரு பக்கமாகக் கொப்புளங்கள் கொத்தாக எழும்பி எரிச்சல் கண்டவுடன், அக்கி என்று நிச்சயித்துக்கொண்டு, குயவர் வீட்டைத் தேடிச் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்வது, தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றிலே நெடுங்காலத்து வழக்கம். எழுதினாலும் எழுதாவிட்டாலும் அக்கொப்புளங்கள் 2 முதல் 4 வாரங்களில் காய்ந்து உதிர்ந்துவிடும் இயல்பினவாகையால், அந்தக் கீர்த்தி குயவரையே சேர்கிறது. அதைப் பற்றி எனக்கு வழக்கொன்றும் இல்லை. தோல் ஆறி மாதங்கள் கடந்தும், தோளிலே துண்டு உராய்ந்தால்கூட நெருப்புப் பட்டதுபோல் துடிக்கிற முதியவர்களைப் பற்றியே என் கவலையெல்லாம்.

இளம்பிராயத்தில் சின்னம்மை கண்டு குணமான சரீரத்தில், அதன் வைரஸ் முற்றும் அழிந்துபோவதில்லை. முதுகெலும்பை அடுத்த நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் ஒடுங்கிக் கிடந்து, வயது ஏறியோ வேறு வியாதியாலோ தேக சக்தி தளரும் சமயம் பார்த்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து சேருகிறது. வருகிற வழியில் அந்த நரம்பையே புண்ணாக்கிவிடுவதால், காயம் இல்லாத இடத்திலிருந்தும் வலிச் செய்தி மூளைக்கு ஓயாது போய்க்கொண்டிருக்கும். கொப்புளம் கண்டு 3 மாதங்களுக்கு மேலும் நீடிக்கிற இந்த வேதனைக்கு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரைகளால் பிரயோஜனம் சொற்பம்; அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற, நரம்பின் கிளர்ச்சியைத் தணிக்கும் மருந்துகளையே வைத்தியர்கள் முதலில் கொடுக்கிறார்கள்.

அவையும் பலிக்காதபோதுதான் ஊசியின் முறை வருகிறது. எக்ஸ்ரே திரையிலோ அல்ட்ராசவுண்டிலோ பார்த்தபடியே, விலா நரம்பின் அருகிலோ தண்டுவட உறைக்கு வெளியிலோ மரமரப்பு மருந்தையும் ஸ்டீராய்டையும் செலுத்துவது ஒரு முறை. நரம்பு முடிச்சின் பக்கத்தில் மெல்லிய ஊசியை நிறுத்தி, வெப்பம் 42 டிகிரியைத் தாண்டாதபடி ரேடியோ அலை மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விடுவது மற்றொன்று. நரம்பைச் சுட்டழிக்காமல் அதன் போக்கை மட்டும் மாற்றுவதே இதன் நோக்கம். 1967-ல் அமெரிக்க வைத்தியர் நார்மன் ஷீலி தொடங்கிவைத்த, தண்டுவடத்தருகே மின்முனை பதிக்கும் முறையும் உண்டெனினும், அதன் விலை லட்சக்கணக்கில் ஆவதால், நம் ஏழை ஜனங்களுக்கு அது பேச்சளவில்தான்.

ஊசியென்றதும் முதுகு செயலற்றுப் போகுமென்று அஞ்சுகிறவர்களும், ஒரே ஊசியில் சகலமும் தீருமென்று நம்புகிறவர்களும் நம்மிடையே சமமாக இருக்கிறார்கள். இருசாராரும் உண்மையை அறியார். நெதர்லாந்தில் 598 நோயாளிகளிடம் நடந்து, 2006-ல் லான்செட் பத்திரிகையில் வெளியான பரிசோதனையில், அக்கி கண்ட ஆரம்பத்திலேயே தண்டுவட உறைக்கு வெளியே ஒரு ஊசி போட்டதால் முதல் மாதத்து வலி ஓரளவு குறைந்ததேயன்றி, நெடுநாள் வலி வராமல் தடுக்கப்படவில்லை. ஆகவே, ஊசி தரும் ஆறுதல் பலருக்குத் தற்காலிகமானது என்பதையும், அந்த அவகாசத்தில் உறக்கமும் நடமாட்டமும் மீண்டால் அதுவே பெரிய லாபம் என்பதையும், வைத்தியர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

மலைமேலுள்ள வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் இறங்கி வரவேண்டிய மலையாளிப் பழங்குடி முதியவருக்கு, இத்தகைய சிகிச்சைக்கென மீண்டும் மீண்டும் வருவது சாமான்யமன்று. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில், அறுவைக்கு மரமரப்பு ஊசி போடும் மயக்க மருத்துவர்களைக் கொண்டே, வாரம் ஒரு நாளாவது வலிக்கென்று தனிப்பிரிவு நடத்துவது அவசியம். 2023 முதல் இந்தியாவில் கிடைக்கும் அக்கித் தடுப்பூசியோ, இரண்டு தவணைக்கும் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிறது.

செலவில்லாத உபாயம் ஒன்று உண்டு. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் நோயின் கடுமையைக் குறைக்கின்றன. ஆதலால், அக்கி எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும்; ஆனால் அன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போய்வரட்டும். நெற்றியிலோ மூக்கின் நுனியிலோ கொப்புளம் வந்தால், பார்வைக்கே ஆபத்தாகலாமாதலால், கண் மருத்துவரை உடனே பார்க்கவேண்டும்.