இல்லத்தெழிலும் விருந்தோம்பலும்

மனித வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றாகும். இவற்றுள் உறையுள் வெயிலையும் மழையையும் தடுத்தற்கு மாத்திரம் அமைவதாயின், விலங்கின் முழைக்கும் பறவையின் கூட்டிற்கும் மனிதனின் மனைக்கும் யாதொரு வேற்றுமையும் இல்லையாம். தூக்கணங்குருவி பின்னும் கூடு தன் கைவினைத் திறத்தால் எவரையும் வியக்கச் செய்வது. ஆயினும், அது தனக்கும் தன் குஞ்சுகட்குமே அமைவது. வழியே வரும் பிறிதொரு பறவைக்கு அதன்கண் இடமில்லை. தனக்கு உறவல்லாத ஒருவர் வந்தால் இருத்தற்கும் இளைப்பாறுதற்கும் என வீட்டின் முன்னே ஓரிடத்தை ஒதுக்கிக் கட்டுபவன் மனிதன் ஒருவனே. இல்லத்தை அழகு செய்தல் என்னும் கலை அவ்விடத்திலிருந்தே தொடங்குகின்றது. யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டின் அமைப்பை நோக்குவார்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும்.

விருந்து என்னுஞ் சொல் இக்காலத்திற் பெரும்பாலும் சுவையான உணவையே குறிக்கின்றது. அதன் பழைய பொருளோ புதுமை என்பதாகும். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய எண்வகை வனப்புகளுள் விருந்தினையும் ஒன்றாக எண்ணினார்; புதுவதாக யாக்கப்படும் செய்யுளே அங்கு விருந்து எனப்பட்டது. வீட்டிற்குப் புதியராய் வருபவரையும் அச்சொல் உணர்த்துவதாயிற்று. ஆகவே சுற்றத்தார் வேறு, விருந்தினர் வேறு. திருவள்ளுவரும் இல்வாழ்வானின் கடமைகளைக் கூறுமிடத்து இவ்விரு திறத்தாரையும் தனித்தனியே எண்ணி, விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரம் ஒன்றும் வகுத்தார். சிலப்பதிகாரத்திலே, கணவனைப் பிரிந்திருந்த காலத்துத் தான் இழந்தவற்றை எடுத்துரைக்கும் கண்ணகி, செல்வத்தையோ அணிகலனையோ குறிப்பிட்டாளில்லை; அறவோரையும் துறவிகளையும் விருந்தினரையும் போற்றும் பேற்றை இழந்தமையையே கூறினாள். மனையின் பெருமை அதன் பொருள்களில் அன்று, அது பிறரை ஏற்கும் பாங்கில் உளது என்பதே தமிழர் கொண்ட கருத்து என்பது இவற்றாற் பெறப்படும்.

இனி, இக்கருத்துக் கட்டடத்தில் வடிவுகொண்ட வகையைக் காண்போம். யாழ்ப்பாணத்து வளவு தெருவுக்குத் தன் வேலியையே முதலிற் காட்டுவது. பூவரசும் கிளுவையும் கதியால்களாக நிற்க, அவற்றோடு பனையோலையோ தென்னங்கிடுகோ சேர்த்துக் கட்டப்பட்ட அவ்வேலி, வீட்டின் உள்ளே நிகழ்வனவற்றைப் பிறர் கண்ணினின்றும் மறைத்தது. எனினும், அவ்வேலியின் வாயிலிலேயே சங்கடப்படலை அமைக்கப்பட்டது. படலைக்கு மேல் ஒரு சிறு கூரையும், வசதியுள்ள இடங்களில் இருபுறமும் அமர்வதற்குத் திட்டும் அதற்கு உண்டு. வீட்டாரை அறியாதவரும், அவர்பால் யாதொரு தேவையும் இல்லாதவரும் வெயிலுக்கும் மழைக்கும் அதன்கீழ் ஒதுங்கலாம். மறைத்துக் கொள்ளும் வேலியும் இடங்கொடுக்கும் கூரையும் ஒருங்கே நிற்றல் நுண்ணிதின் நோக்கத்தக்கது. வீட்டின் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டே வெளியாரைப் பேணுதல் கூடும் என்பதை அது காட்டுகின்றது.

உள்ளே சென்றால் எதிர்ப்படுவது திண்ணை. வசதி படைத்தோர் கட்டிய நாற்சார் வீடு, நடுவே திறந்த முற்றமும் அதன் நாற்புறமும் தாழ்வாரங்களும் அறைகளும் உடையது. நான்கு சார்களின் கூரைகளும் உட்புறமாகச் சரிந்திருத்தலால் மழைநீர் முற்றத்தில் வந்து வீழும். முற்றத்தின் வழியே சூடேறிய காற்று மேலெழ, சோழகமும் வாடையும் பருவந்தோறும் அறைகளினூடே புகுந்து செல்லும். பகலில் விளக்கின்றியே வீட்டின் நடுவிடம் ஒளி பெறும். நெல்லும் மிளகாயும் உலர்வது அம்முற்றத்தில். குழந்தைகள் விளையாடுவதும், மணவினைகள் நிகழ்வதும் அங்கேயே. எளியோரின் மண்வீட்டிலே நாற்சாரும் முற்றமும் இல்லை. ஆனால் திண்ணை அங்கும் இருந்தது. செல்வர்க்கும் வறியர்க்கும் வீட்டின் அளவு வேறுபட்டதேயன்றி, வந்தவர்க்கு இடம் ஒதுக்குதல் என்னும் நெறி வேறுபட்டிலது.

அலங்காரத்தை எடுத்துக்கொண்டால் மற்றொரு சிறப்பும் புலனாகும். இவ்வீடுகளை அழகு செய்த பொருள்களுட் பெரும்பாலன நிலைத்து நில்லாதன. சாணத்தால் மெழுகிய நிலம் சில நாளில் மங்கும், மீண்டும் மெழுகப்படும். விடியலில் அரிசிமாவால் இட்ட கோலம் எறும்புக்கு உணவாகி மாலைக்குள் மறையும். வாயிலில் வைக்கும் நிறைகுடமோ நெல்லோ அரிசியோ பரப்பிய வாழையிலையின் மேல் ஒரு குடம் நீரும், மாவிலைகளும், ஒரு தேங்காயும் கொண்டு அமைவது. இருபுறமும் குத்துவிளக்கு ஏற்றப்படும். நிகழ்ச்சி முடிந்தபின் நீர் மரத்துக்கும் தேங்காய் அடுக்களைக்கும் சென்றுவிடும். ஆண்டுதோறும் மாற்றப்படும் வேலியின் பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையாகும். சேர்த்து வைக்கும் பொருளாக அன்றி, நாள்தோறும் செய்யப்படும் செயலாகவே அழகு இங்கு விளங்கிற்று. வருபவர் புதியர், அவர்க்கென இடப்படும் கோலமும் புதிது. விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் ஈண்டு முழுமை பெறுகின்றது.

உண்கலங்களிலும் இந்நோக்கே காணப்படும். யாழ்ப்பாணத்துக்குச் சிறப்பாக உரிய மூக்குப்பேணி, பக்கத்தே சிறு குழல்வாய் உடைய உலோகக் கலம். அதனை உதட்டில் வையாது உயர்த்திப் பருகலாம். ஆதலின் எச்சிற்படாது ஒரு கலமே பலர்க்குப் பயன்படும். ஆடிப்பிறப்பன்று பச்சையரிசி மா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி ஆகியன சேர்த்துக் காய்ச்சும் கூழைப் பலாவிலை கோலிக் குடிப்பர். ஒடியற் கூழுக்கோ பனையோலையை மடித்துக் கோலிய பிளா போதும். எத்தனைபேர் வந்தாலும் அத்தனை கலங்கள் வளவிலேயே கிடைக்கும். கலம் போதாமையால் விருந்தினர்க்கு முகங்கோணும் நிலை அவ்வீடுகளில் எழவில்லை.

பயனும் அழகும் பிரியாதிருத்தல் வேண்டும் என்னும் இக்கொள்கையை மேனாட்டிலே கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வற்புறுத்தியவர் வில்லியம் மொறிஸ் என்பார். 1860 ஆம் ஆண்டளவில் தாம் புதிதாகக் கட்டுவித்த வீட்டுக்கு ஏற்ற தளபாடங்கள் கடைகளிற் கிட்டாமையால், அவரும் நண்பர்களும் தம் கையாலேயே பலவற்றைச் செய்தும் தீட்டியும் அமைத்தனர். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1861 ஆம் ஆண்டில் ஒரு கைவினை நிறுவனமும் தோன்றிற்று. மொறிசின் கருத்துக்களால் ஈர்க்கப்பட்ட கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்தவர். தந்தை வழியால் யாழ்ப்பாணத் தமிழர். 1908 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், மொறிஸ் முன்னர்ப் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சாயிற்று. இலங்கையர் தம் உடை, வீடு, பழக்கவழக்கம் ஆகியவற்றைச் சிந்தனையின்றி மேனாட்டார்போல் மாற்றிக்கொள்ளுதலை அவர் வன்மையாகக் கண்டித்தார். மொறிசின் நிறுவனப் பொருள்களை விலைகொடுத்து வாங்க வல்லவர் செல்வரே. அக்குறை மொறிசையும் வருத்திற்று. ஆனால் ஒரு கைப்பிடி மாவால் ஆகும் கோலத்துக்கு அக்குறை இல்லை. மேனாட்டுச் சீர்திருத்தக்காரர் தேடிய எளிமையழகு ஈழத்துச் சிற்றில்களில் முன்னரே வாழ்ந்துகொண்டிருந்தது எனலாம்.

இங்ஙனம் கூறுதலால் பழமை முழுவதும் குற்றமற்றது என்பது கருத்தன்று. இரண்டு பெருங்குறைகள் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டியன. முதலாவது, திண்ணை எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. ஒருவர்க்கு மூக்குப்பேணியும் மற்றொருவர்க்குச் சிரட்டையும் நீட்டப்பட்ட காலம் ஒன்று இருந்தது. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரை விலக்குதலைக் குற்றமாக்கும் சட்டம் 1957 ஆம் ஆண்டில் இலங்கையில் நிறைவேறிற்று. அதன் பின்னரும் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாயில்களிலும் 1960 களின் பிற்கூற்றிற் போராட்டங்கள் நிகழ வேண்டியிருந்தன. வீட்டுத் திண்ணையையோ எச்சட்டமும் ஆள்வதில்லை. அதனை ஆள்வது வீட்டாரின் நெஞ்சமே. முன்பின் அறியாதவரே விருந்தினர் என்பது உண்மையாயின், பிறப்பை வினவிய பின் இருக்கை கொடுப்பது விருந்தோம்பல் ஆகாது. இரண்டாவது, நாள்தோறும் புதுப்பிக்கப்படும் அழகுக்கு நாள்தோறும் உழைப்பும் வேண்டும். அவ்வுழைப்பு ஏறத்தாழ முழுவதும் பெண்களின் தோளிலேயே சுமத்தப்பட்டது. திண்ணையில் ஆண்கள் உரையாடி மகிழ்ந்திருக்க, அடுக்களைப் புகையில் நின்றவர்க்கு அம்மகிழ்ச்சியிற் பங்கு குறைவு. வீட்டார் அனைவரும் பகிர்ந்து செய்யும்போதே இல்லத்தின் இன்பம் இல்லத்தார் அனைவர்க்கும் உரியதாகும்.

பிற்காலத்தில் வீடுகள் மாறின. ஓலைக்குப் பதிலாக ஓடும், மண்ணுக்குப் பதிலாகச் சீமெந்தும், வேலிக்குப் பதிலாக மதிலும் வந்தன. இவை காலத்துக்கு ஏற்ற மாற்றங்களே. தீயினின்றும் கறையானினின்றும் வீட்டைக் காப்பன. வருந்தத்தக்கது வேறொன்று. விறாந்தை குறுகிக் கம்பிக் கூடாயிற்று. முன்னறையிற் கண்ணாடி அலுமாரி வந்து நின்று, ஒருபோதும் தேநீர் ஊற்றப்படாத கிண்ணங்களை வருவோர்க்குக் காட்டலாயிற்று. கறைபடும் என்று மெத்தை நாற்காலிகள் உறையிடப்பட்டன. வீடு விருந்தினரை ஏற்கும் இடமாக இருந்த நிலை மாறி, விருந்தினர் வந்து பார்த்துச் செல்லும் காட்சிச்சாலை ஆகத் தலைப்பட்டது.

இவ்விரு வகை அழகுகளுள் எது நிலைபேறு உடையது என்பதைப் போர்க்காலம் கடுமையாகவே சோதித்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் கையில் எடுக்கக்கூடியவற்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு பெருந்திரளாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். அலுமாரியும் அதன் கிண்ணங்களும் உடன் செல்லவில்லை. அந்நாள்களில் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் பாடசாலைகளும் கோயில்களும் மாத்திரமன்றி, வீடுகளின் விறாந்தைகளும் மரநிழல்களும் அறிமுகமற்ற குடும்பங்களுக்கு உறைவிடங்களாயின. கட்டியவர் எண்ணிப் பார்த்திராத அளவில் திண்ணை தன் கடமையைச் செய்தது. கடல் கடந்து சென்றவர்களோ தொரன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் மாடிக் குடியிருப்பின் ஒடுங்கிய வாயிலில் ஒரு சிறு குடத்தையும் விளக்கையும் வைத்து விழாநாளைத் தொடங்கினர். பொருளாகச் சேர்த்துவைத்த அழகு இடிந்த கூரையின் கீழ்க் கிடந்தது; பழக்கமாகப் பயின்றிருந்த அழகு மக்களோடு சென்றது.

ஆதலின், இன்று புதிதாக வீடு கட்டுவோரும் இருக்கும் வீட்டை அழகு செய்வோரும் விலையுயர்ந்த பொருளைத் தேடுமுன் ஒரு வினாவைத் தம்முள் எழுப்புதல் நன்று. இவ்வீட்டில் முன்னறியாத ஒருவர் வந்தால் தயக்கமின்றி அமரும் இடம் எது? அவ்விடத்திற் காற்றும் வெளிச்சமும் உண்டாயின், அது துப்புரவாக இருப்பின், அருகே ஒரு செம்புத் தண்ணீர் இருப்பின், அங்கு அமர்வோரின் குலத்தையும் செல்வத்தையும் எவரும் வினவாரெனின், அவ்வீடு அழகிய வீடே. ஏனைய அலங்காரங்கள் அதற்குப் பின்னர் வரலாம், வாராதொழியினும் குறைவில்லை.