கடற்கொள்ளைக்காரிகளுக்குச் சிலை, கொல்லத்து மரியாவுக்கு ஒரு நினைவகம்

கடற்கொள்ளையர் கப்பல்களில் ஒருபால் காதல் இருந்ததா? இருந்திருக்கும் என்றே வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ஆதாரம் தேடிப் போனால் கிடைப்பதோ, அவர்களைத் தூக்கிலிட்டவர்கள் எழுதிவைத்த தாள்கள்தான்.

கடற்கொள்ளைக்காரிகளான ஆன் பானியும் மேரி ரீடும் 1720 அக்டோபரில் ஜமைக்கா கடலில் பிடிபட்டார்கள். நவம்பர் 28 அன்று நடந்த விசாரணையில் டோரதி தாமஸ் என்ற பெண் தான் கண்டதைச் சொன்னார்: ஆண்களின் மேல்சட்டை, நீளக் காற்சட்டை, தலையில் கட்டிய கைக்குட்டை, கையில் வெட்டுக்கத்தியும் துப்பாக்கியும். மார்பைப் பார்த்தே பெண்கள் என்று தெரிந்துகொண்டாராம். இருவருக்கும் மரண தண்டனை. கர்ப்பமாக இருப்பதாக இருவரும் சொன்னதால் அது தள்ளிப்போனது. ரீட் 1721-ல் சிறையிலேயே இறந்தார். பானி என்ன ஆனார் என்பதற்கு உறுதியான பதிவு இல்லை.

அவர்கள் காதலர்கள் என்று அந்த விசாரணைப் பதிவு சொல்லவில்லை. பின்னால் வந்த நூல்கள் கிளப்பிய பேச்சு அது. சிற்பி அமாண்டா காட்டன் 2020-ல் இருவருக்கும் உருவம் கொடுத்தார். கடற்கொள்ளையரைத் தூக்கிலிட்ட லண்டன் வாப்பிங் துறையில் அச்சிலைகள் முதலில் நின்றன. டெவன் கரையோரம் பர்க் தீவில் நிறுவும் திட்டம், உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது.

நம் பக்கத்துக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் சுமார் 65 கி.மீ. தான். பால்புதுமையினர் உரிமைக்காகப் போராடிய ஸ்வீட் மரியா 2012-ல் அங்கே கொலை செய்யப்பட்டார். அவர் நினைவாக, 2018 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பியென்னாலேயில் கலைஞர் ஆர்யகிருஷ்ணன் ‘ஸ்வீட் மரியா நினைவகம்’ என்ற நிறுவுகலைப் படைப்பை அமைத்தார். ஒருபால் உறவு குற்றமல்ல என்று 377-ஆவது பிரிவு குறித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பீடமும் சிலையும் அங்கே இல்லை. புத்தகங்கள், படங்கள், உட்கார்ந்து பேச இடம். வந்தவர்களும் பேசினார்கள், நிகழ்த்திக் காட்டினார்கள்.

இரண்டில் கொச்சிப் படைப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். வாப்பிங் சிலைகள் முந்நூறு ஆண்டு மௌனத்தைக் கற்பனையால் நிரப்பின. கொச்சியில் அந்த அவசியம் வரவில்லை. மரியாவை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போலீஸ் கோப்பு மட்டுமே அவருடைய வரலாறாக மிஞ்சாமல் போனதற்கு அதுதான் காரணம்.

உங்கள் குடும்பத்திலும் கல்யாணம் வேண்டாமென்று தோழியோடு வாழ்ந்த ஓர் அத்தை இருந்திருக்கலாம். அவருடைய கடிதங்களையும் புகைப்படங்களையும் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெங்களூரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் உள்ள கம்ரா ஆவணக் காப்பகம் இத்தகைய வாழ்க்கைகளின் தடயங்களைப் பாதுகாத்து வருகிறது.