போர்வீரன் குடும்பமும் தேசத்தின் கடனும்

யுத்தம் நடக்கும்போது சிப்பாயைப் புகழாத நாவில்லை. யுத்தம் ஓய்ந்த பின் அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று விசாரிக்கும் நாவும் அதிகமில்லை. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி கிராமத்துக்கு வந்து சேரும் நாளில் மந்திரிமார் வருகிறார்கள், கலெக்டர் வருகிறார், துப்பாக்கிகள் வானை நோக்கி முழங்குகின்றன. மகன் புறங்காட்டாமல் மாண்டான் என்றறிந்து மகிழ்ந்த பழந்தமிழ்த் தாயை எடுத்துக் கூறாத பிரசங்கியும் இல்லை. பதினாறாம் நாள் சடங்கு முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பின், அத்தாய்க்கும் அவள் மருமகளுக்கும் படியளப்பவர் யார் என்ற கேள்வி மட்டும் வாசலில் நிற்கிறது. அக்கேள்விக்கு நமது சர்க்கார் விதிகள் அளிக்கும் விடை நியாயமானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடும்ப ஒழுங்கு, கடமையுணர்ச்சி, சிக்கனம், கொடுத்த வாக்கைக் காத்தல் ஆகியவற்றை நாம் போற்றுகிறோம். இவற்றைப் பத்தாம்பசலிக் கொள்கைகள் என்று பரிகசிப்போர் பரிகசிக்கட்டும். எந்தத் தேசத்து ராணுவமும் இவற்றின்மீதே நிற்கிறது. ஆகவே பழமையைப் பேணுவோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் அரசியல்வாதிகளே இவ்விஷயத்தில் முன்நிற்க வேண்டியவர்கள் என்பது நமது அபிப்பிராயம்.

சிப்பாயின் இரண்டு வீடுகள்

ராணுவக் குடும்பம் என்றவுடன் கண்டோன்மெண்டிலுள்ள பங்களாவும் தோட்டமும் பலர் நினைவுக்கு வருகின்றன. அது வாழ்க்கையின் ஒரு பகுதியே. சமாதான நிலையத்தில் இரண்டு மூன்று வருஷம் மனைவி மக்களுடன் வசித்த சிப்பாய், அடுத்த மாற்றலில் எல்லைப் பிரதேசத்துக்குப் போகிறான். அங்கே குடும்பத்துக்கு இடமில்லை. குழந்தை ஒரு பாஷையில் எழுத்துக் கற்று, இன்னொரு பாஷை வழங்கும் ஊரில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறது. கீழ்நிலைச் சிப்பாய்களில் அநேகர் இந்த அலைச்சலுக்கு அஞ்சி மனைவியையும் மக்களையும் சொந்தக் கிராமத்திலேயே விட்டுச் செல்கின்றனர். வருஷத்தில் அறுபது நாள் வருடாந்தர ரஜாவும் முப்பது நாள் தற்செயல் ரஜாவும் அவனுக்கு உண்டு. மீதி ஒன்பது மாதம் அவ்வீட்டுக்குப் புருஷன் கடிதத்திலும் டெலிபோனிலுமே இருக்கிறான்.

அந்த ஒன்பது மாதமும் வீட்டை நடத்துவது யார்? மருமகள் மாமியாருக்கு மருந்து வாங்குகிறாள். மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாள். நிலவரியும் வங்கிக் கடனும் அவள் பொறுப்பு. மாமனார் மாமியாரோ அவளுக்கும் குழந்தைகளுக்கும் காவலாக இருக்கின்றனர். இளம்பெண் தனித்திருக்கிறாள் என்று ஊரார் வாய் திறக்காதபடி அவ்வீட்டின் மானத்தைக் காப்பது அந்த முதியோரின் திண்ணை. எல்லையில் நிற்பவன் கவலையின்றித் துப்பாக்கி பிடிப்பது, பின்னால் இவ்விரு தூண்களும் இருப்பதால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு நேயர்கள் சட்டத்துக்கு வரவேண்டும்.

விதி அறிந்த குடும்பம்

சிப்பாய் பிரமசாரியாக இருக்கும்வரை அவனுக்கு நெருங்கிய உறவினர் என்று ராணுவப் பதிவேட்டில் எழுதப்படுவோர் பெற்றோர். விவாகம் நடந்து பதிவானவுடன் அவ்விடத்தில் மனைவியின் பெயர் ஏறுகிறது. எதிரியுடனோ பயங்கரவாதிகளுடனோ பொருது அவன் இறந்தால், கடைசியாக வாங்கிய சம்பளத்துக்குச் சமமான தொகை குடும்ப பென்ஷனாக மனைவிக்குச் சேரும். மனைவியும் தகுதியுள்ள மக்களும் இல்லாவிடில்தான் பெற்றோரின் முறை வருகிறது. இன்ஷியூரன்ஸ் தொகையை நியமனப் பத்திரத்தின்படி பலருக்குப் பங்கிடலாம். மாதாமாதம் வரும் பென்ஷனுக்கு அந்த வழியில்லை.

சியாசென் பாசறையில் நேர்ந்த தீயில் அகப்பட்ட தோழர்களைக் காத்து உயிர்நீத்த ஓர் இளம் காப்டனுக்கு 2024 ஜூலையில் கீர்த்தி சக்கரம் வழங்கப்பட்டது. மனைவியும் தாயும் சேர்ந்து நின்று அதைப் பெற்றனர். சில நாட்களுக்குள் அவர் பெற்றோர், நெருங்கிய உறவினர் பற்றிய விதியை மாற்றவேண்டுமென்று பகிரங்கமாகக் கேட்டார்கள். பென்ஷனை மனைவிக்கும் பெற்றோருக்கும் பிரித்துக் கொடுக்கும் யோசனை ஒன்று பரிசீலனையில் இருப்பதாக அவ்வருஷம் ஆகஸ்டில் லோக்சபையில் சர்க்கார் தரப்பில் தெரிவிக்கப்பட்டது.

சட்டம் பயின்றவர்க்கு இங்கே ஒரு விசித்திரம் புலப்படும். 1956ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவன் சொத்தில் விதவையோடும் மக்களோடும் தாயும் முதல் வகுப்பு வாரிசு. சிப்பாய் ஒரு காணி நிலம் விட்டுச் சென்றால் அதில் தாய்க்குப் பங்குண்டு. ஆனால் குடும்ப பென்ஷன் இறந்தவனுடைய சொத்தன்று. அதை உயிலால் எவருக்கும் எழுதிவைக்க இயலாது. 1991இல் வயலட் ஐசக் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவுபடுத்தியது. ஆகவே நிலத்துக்கு வாரிசான தாய், மகன் உயிரைக் கொடுத்து ஈட்டிய பென்ஷனுக்கு அந்நியளாகிறாள்.

இன்னொன்று. 2007ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோரைக் காக்கும் கடமையை மக்கள்மீது சுமத்துகிறது. தவறும் மகனை டிரிப்யூனலின் முன் நிறுத்தலாம். கணவனை இழந்த மருமகளுக்கு அக்கடமையை அச்சட்டம் விதிக்கவில்லை, விதிக்காததும் சரியே. அப்படியாயின் மகனைத் தேசம் எடுத்துக்கொண்ட பிறகு அவனுடைய கடமை எங்கே போயிற்று? காற்றில் கரைந்துவிட்டதா? மகனை எவன் எடுத்துக்கொண்டானோ அவனே மகனின் கடமைக்கும் வாரிசு என்பது கிராமத்துப் பஞ்சாயத்தாரும் ஒப்பும் நியாயம். சர்க்கார் அந்தக் கடமையை ஏற்றாக வேண்டும்.

மருமகள்மீது பழி வேண்டாம்

பெற்றோர் பக்கம் பரிந்து பேசப் புகுந்த பலர், அந்த இளம் விதவையைத் தூற்றுவதையே வாதமாகக் கொண்டார்கள். இது கேவலம். கூட்டுக் குடும்பத்தைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அக்குடும்பத்துக்கு விளக்கேற்ற வந்தவளை வீதியில் வைத்து ஏசுவது எந்த ஆசாரத்தைச் சேர்ந்தது? 2025 ஏப்ரல் 22ஆம் தேதி பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றனர். அவர்களில் ஒருவர் புதிதாக மணமான கடற்படை அதிகாரி. அவர் மனைவி கொலையாளிகளுக்குத் தண்டனை வேண்டினார். அதன் பொருட்டு முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் பகைக்கவேண்டாமென்றும் வேண்டினார். அந்த ஒரு வார்த்தைக்காகச் சமூக வலைத்தளங்களில் அவர்மீது சொரியப்பட்ட வசைகளைத் தேசிய மகளிர் கமிஷன் கண்டிக்க நேர்ந்தது. கணவனைத் தேசத்துக்குக் கொடுத்தவள் இன்ன அபிப்பிராயந்தான் கொள்ளவேண்டுமென்று கட்டளையிட எவருக்கும் அதிகாரமில்லை. தேசபக்தர் என்ற பெயரில் இத்தொழில் செய்வோரை நமது கூட்டங்களிலிருந்து விலக்கிவைப்பதே முறை.

விதவா விவாகத்தைச் சட்டம் 1856லேயே அனுமதித்தது. இருப்பினும், வீரச் செயலுக்கான பதக்கங்களோடு சேர்ந்த மானியம் பற்றி 1972இல் பிறந்து 1995இல் திருத்தம் பெற்ற உத்தரவு என்ன சொல்லிற்று? விதவை மறுமணம் செய்துகொண்டால் மானியம் நின்றுவிடும். இறந்த கணவனின் சகோதரனை மணந்து அக்குடும்பத்தோடு வாழ்ந்தால் மட்டும் தொடரும் என்றது. பணத்தை வீட்டுக்குள் நிறுத்த ஒரு பெண்ணை வீட்டுக்குள் கட்டிப்போட்ட விதி அது. 2017 நவம்பரில் சர்க்கார் அதை நீக்கியது. பழமை விரும்பிகளாகிய நாம் அந்த நீக்கத்தை மனமார வரவேற்கிறோம். மனமொப்பாத விவாகம் எந்தக் குடும்பத்துக்கும் அரணாகாது.

ஆகவே பென்ஷனை இரண்டாக வெட்டும் யோசனை நமக்கு உடன்பாடன்று. இருபத்தைந்து வயதில் தாலியிழந்தவள் முன்னால் நீண்ட வாழ்க்கை இருக்கிறது. அவளுக்கென்று விதி கொடுத்ததைக் குறைப்பது அநீதி. ஒரே இலைச் சோற்றை இருவருக்கு வகுத்து மாமியாரையும் மருமகளையும் கோர்ட்டு வாசலில் நிறுத்துவதற்குப் பதிலாக, சர்க்கார் இன்னோர் இலையைப் போடவேண்டும். போரில் இறந்தவனின் பெற்றோர் அவனை நம்பி வாழ்ந்தவராயின், விதவையின் பென்ஷனைத் தொடாமல், அவர்களுக்குத் தனியாக ஆயுட்கால மானியம் ஒன்று ஏற்படவேண்டும். அவள் மறுமணம் செய்துகொண்டாலும் செய்யாவிட்டாலும் அது தடையின்றி வரவேண்டும். அப்போது அவளுடைய வாழ்வு முதியோருக்குப் பகையாகாது. முதியோர் வாழ்வும் அவளுக்குப் பாரமாகாது.

நான்காண்டுச் சிப்பாயின் பெற்றோர்

இது நிற்க. 2022 ஜூன் 14ஆம் தேதி சர்க்கார் அறிவித்த அக்னிபத் திட்டத்தால் இக்கேள்வி இன்னும் கூர்மையடைந்துள்ளது. அத்திட்டத்தின்படி சேரும் அக்னிவீரர் நான்கு வருஷம் பணி புரிவார். முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாயும் நான்காம் வருஷம் 40,000 ரூபாயும் சம்பளம். அதில் நூற்றுக்கு முப்பது பிடித்துவைக்கப்படும். சர்க்காரும் அதே அளவு சேர்க்கும். முடிவில் வட்டியுடன் சுமார் 11.71 லக்ஷம் ரூபாய் கையில் கிடைக்கும். நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரை நிரந்தரப் படையில் எடுத்துக்கொள்ளப்படலாம். மற்றவர்க்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. வருஷத்துக்கு முப்பது நாள் ரஜா.

பிரமசாரிகளே இதில் சேரலாம். நான்கு வருஷம் முடியும்வரை விவாகம் கூடாது. ஆகவே அக்னிவீரர் பணியில் இறந்தால், ராணுவம் அறிந்த அவர் குடும்பம் தாயும் தந்தையுமே. அவர்களுக்கு 48 லக்ஷம் ரூபாய் இன்ஷியூரன்ஸும், பணியின் காரணமாக நேர்ந்த மரணமாயின் 44 லக்ஷம் கருணைத்தொகையும், எஞ்சிய காலத்துச் சம்பளமும் உண்டு. இவை சிறு தொகைகள் அல்ல. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் 2022இல் வகுத்த அந்த ஏற்பாட்டில் குடும்ப பென்ஷனுக்கு இடமில்லை. ஆந்திர தேசத்து அக்னிவீரர் ஒருவர் 2025 மே 9ஆம் தேதி ஜம்மு எல்லைப் பகுதியில் பாகிஸ்தான் குண்டுக்கு இரையானார். அதே பதுங்குகுழியில் அதே குண்டுக்கு ஒரு நிரந்தரச் சிப்பாயும் அவரும் சேர்ந்து மாண்டால், ஒருவர் வீட்டுக்கு மாதந்தோறும் பென்ஷன் வரும். மற்றவர் வீட்டுக்கு வராது. எதிரியின் குண்டுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

மொத்தமாக ஒரு பெருந்தொகை முதியோர் கைக்கு வந்தால், அதன் பின்னாலேயே உறவினரும் தரகரும் வருவர் என்பதைக் கிராமத்தில் பிறந்தவர் எவரும் அறிவர். மாதம் முதல் வாரத்தில் தவறாது வரும் சிறு தொகைதான் முதுமைக்கு ஊன்றுகோல். திட்டம் நல்லதா தீயதா என்ற பெரிய விவாதத்தை இன்று நாம் எழுப்பவில்லை. இறப்பவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு கூடாது என்ற சிறிய கோரிக்கையையே வற்புறுத்துகிறோம்.

பொக்கிஷத்தின் கவலை

இதற்குப் பணம் ஏது என்று நிதி மந்திரியின் காரியாலயம் கேட்கும். அக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2025-26ஆம் வருஷத்துப் பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 6.81 லக்ஷம் கோடி ரூபாயில் சுமார் 1.61 லக்ஷம் கோடி பென்ஷனுக்கே போயிற்று. புதிய பீரங்கியும் விமானமும் வாங்கவேண்டிய தேசத்துக்கு இது பெரும் பாரந்தான். ஆனால் அத்தொகையின் பெரும்பகுதி உயிரோடு ஓய்வுபெற்றவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் செல்வது. போரில் மாண்டோரின் பெற்றோர் அவர்களுக்கு முன் ஒரு சிறு கூட்டமே. சிக்கனம் செய்ய வேறு துறைகள் உண்டு. அதைப் பிள்ளையை இழந்தவள் முற்றத்தில் தொடங்கக்கூடாது.

கேட்டபின்பே கொடுப்பது என்ற வழக்கத்தால் சர்க்கார் எவ்வளவு மதிப்பை இழந்தது என்பதற்கு ஒரே பதவி ஒரே பென்ஷன் விவகாரம் சாட்சி. 2015 ஜூனில் வயோதிகச் சிப்பாய்கள் மார்பில் பதக்கங்களுடன் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தனர். செப்டம்பர் 5ஆம் தேதி அறிவிப்பு வந்தது; நவம்பர் 7ஆம் தேதி உத்தரவு பிறந்தது. கொடுத்ததை முன்பே கொடுத்திருந்தால் அந்தக் காட்சியைத் தேசம் காண நேர்ந்திராது.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை

தமிழ்நாட்டுக்கு இவ்விஷயம் தூரத்துச் செய்தியன்று. 2014 ஏப்ரல் 25ஆம் தேதி சோபியானில் மாண்ட மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோக சக்கரத்தை 2015 ஜனவரி 26ஆம் தேதி அவர் மனைவி ஜனாதிபதியிடமிருந்து பெற்றார். 2020 ஜூன் 15ஆம் தேதி கல்வானில் உயிர்துறந்த இருபது பேரில் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். இவர்கள் படத்தை மேடையில் மாட்டாத கட்சி இல்லை.

படம் மாட்டியது போதும். டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள். 1949 முதல் அது நடந்து வருகிறது. அன்று உண்டியலில் ஒரு காசு போடுவதோடு கடமை தீர்ந்ததாக எண்ணாமல், நமது தொண்டர்கள் தத்தம் தாலூகாவில் போரில் மகனை இழந்த வீடு எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே போய் மாலை போட வேண்டாம். போட்டோ எடுக்க வேண்டாம். பென்ஷன் தாள்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிடில் ஜில்லா முன்னாள் படைவீரர் நலக் காரியாலயத்துக்கு உடன் சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவேண்டும். தமது தொகுதிப் பார்லிமெண்டு அங்கத்தினரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். விதவையின் பென்ஷனைக் குறைக்காமல் பெற்றோருக்குத் தனி மானியம் தருவதற்கு அவர் சம்மதமா? போரில் மாண்ட அக்னிவீரரின் பெற்றோருக்கு மற்றச் சிப்பாய்களுக்கு நிகரான குடும்ப பென்ஷன் வேண்டுமென்று சபையில் பேசுவாரா? எப்போது பேசுவார்?

மூன்றாவது கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்பவரையே சிப்பாயின் நண்பர் என்று நாம் ஒப்புக்கொள்வோம்.