கல்கத்தா வெள்ளியில் ஒரு ரக்பி கோப்பை

ரக்பி ஆட்டத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதுவது கல்கத்தா கோப்பைக்காக. அந்தப் பெயர் எப்படி வந்தது?

1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் ஒரு ரக்பி ஆட்டம் நடந்தது. ஒருபுறம் இங்கிலாந்துக்காரர்கள், எதிர்ப்புறம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர். அடுத்த மாதமே அங்கே ஒரு ரக்பி சங்கம் உருவானது. ஆனால் வங்காளத்து வெயிலில் அந்த ஆட்டம் வேரூன்றவில்லை. ஆர்வமாக ஆடிய ஒரு படைப்பிரிவு ஊர் மாறிப் போனது. மற்றவர்கள் போலோ, டென்னிஸ் பக்கம் சாய்ந்தார்கள்.

சங்கத்தைக் கலைக்க முடிவானபோது உறுப்பினர்கள் ஓர் அருமையான காரியம் செய்தார்கள். வங்கியில் மீதமிருந்த பணத்தைப் பங்குபோட்டுக்கொள்ளாமல், 270 வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கிக் கோப்பையாக வார்க்கச் செய்தார்கள். இந்திய வேலைப்பாடு மிளிரும் அந்தக் கோப்பைக்கு மூன்று கைப்பிடிகள். ஒவ்வொன்றும் ஒரு நாகம். மூடியின் உச்சியில் ஒரு யானை நிற்கிறது.

1878இல் அதை இங்கிலாந்தின் ரக்பி கால்பந்து ஒன்றியத்திடம் ஒப்படைத்தார்கள். 1879 மார்ச் 10 அன்று எடின்பரோவில் நடந்த முதல் கோப்பை ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

சில ஆண்டுகளே நீடித்த ஒரு சங்கம், கையிருப்பு முழுவதையும் தான் நேசித்த ஆட்டத்துக்கே கொடுத்தது. அதனால்தான், ரக்பி உலகின் மிகப் பழைய பன்னாட்டுக் கோப்பை இன்றும் ஓர் இந்திய நகரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.