இல்லாத சுவரைப் படித்தவர்கள்

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தை ஒட்டிய புல்தரையில், செங்கல் பதித்து ஒரு கட்டடத்தின் தரைப்படம் வரையப்பட்டிருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் எழுந்து, புதிய பேராலயத்துக்கு வழிவிட்டு 1093-94இல் இடிக்கப்பட்ட பழைய ஆலயம் அது. 1960களில் அங்கே அகழாய்வுக் குழியில் இறங்கியவர்களில் ஏராளமானோர் பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள், தன்னார்வலர்கள். இத்தனை அருமையான மண்ணைப் பழகாத கைகளில் கொடுக்கலாமா? கொடுக்கத்தான் வேண்டும்.

பழைய ஆலயத்தை இடித்தவர்கள் அஸ்திவாரக் கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. மிஞ்சியது, கல்லைப் பெயர்த்த பள்ளங்களை மூடிய மண்தான். கரண்டியால் மெல்லச் சுரண்டினால் ஓரிடத்தில் சாந்துத் துணுக்கு கலந்த பொலபொல மண்; ஒரு விரற்கடை தள்ளினால் இறுகிய மண். இரண்டும் சந்திக்கும் கோடுதான் சுவரின் விளிம்பு. போதாக்குறைக்கு, ஒரு கல்லறையை வெட்டிக்கொண்டு இன்னொன்று. எது முந்தியது, எது பிந்தியது என்று பிரித்தறியும் கண் வகுப்பறையில் வாய்க்காது. பல நூற்றாண்டுகள் மனிதர்கள் தோண்டித் தோண்டி மூடிய ஆலய வளாகத்தில்தான் வாய்க்கும். புதைந்தவர்களின் அமைதி கெடுகிறதே என்பாரின் மனக்குறையை மதிக்கிறேன். ஒருமுறை தோண்டிய மண்ணை மறுபடி தோண்ட முடியாது என்பதும் உண்மை. அந்த விதி அனுபவசாலிக்கும் சேர்த்துத்தான். இழப்பை ஈடுகட்டுவது உடனிருக்கும் மேற்பார்வையும், அன்றன்றே எழுதும் பதிவும். மண்ணடுக்குகளின் முன்பின்னை ஒரே வரைபடத்தில் காட்டும், இன்று உலகெங்கும் அகழாய்வாளர்கள் கையாளும் முறை 1973இல் பிறந்ததே வின்செஸ்டர் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் வேலையில்தான்.

என் கவலை வேறு. பயிற்சி பெரும்பாலும் குழிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கோடை முடிந்தால் மாணவர் ஊர் திரும்புவார். பானையோடுகளும் எலும்புகளும் பெட்டிக்குள் போகும். தோண்டப் பணமும் ஆளும் கிடைக்கும் அளவுக்கு, கழுவி, வகைபிரித்து, எழுதி அச்சிடக் கிடைப்பதில்லை. எழுதப்படாத அகழாய்வு வெறும் அழிப்புதான். ஆகவே தோண்டிய குழியைப் பற்றி எழுதும் பொறுப்பிலும் பயிற்சி பெறுபவருக்குப் பங்கு தர வேண்டும், அதற்கான மாதங்களையும் பணத்தையும் முதல் நாளே ஒதுக்க வேண்டும். வின்செஸ்டரின் அந்தப் பெரும்பணி 1961இல் தொடங்கி 1971இல் முடிந்தது. அதில் கிடைத்த நாணயங்களைப் பற்றிய தொகுதி வெளிவந்தது 2012இல். கடைசிப் பருவத்தில் இருபது வயதில் அங்கே மண் சுரண்டியவருக்கு அப்போது வயது அறுபத்தொன்று.