கொலுசு கறுக்கும் ஊரில் ஒரு லேப்டாப்

வடசென்னைக் காசிமேட்டில் கடலோரத்து வீடு ஒன்றில் உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள். மழைக்காலம் என்றில்லை, சாதாரண நாளிலும் உப்பு பிசுபிசுத்துக் கிடக்கும். திருவொற்றியூரில் பீரோவில் வைத்த வெள்ளிக் கொலுசு ஒரு வருஷத்தில் கறுத்துப்போகும். எண்ணூரில் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையை உதறினால் சாம்பல் பறக்கும். புது லேப்டாப் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், வீட்டிலேயே இருக்கிற இந்த மூன்று சாட்சிகளையும் விசாரித்துவிடலாம்.

முதலில் உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். சென்னைக் கடற்கரையில் இரவு நேர ஈரப்பதம் பல நாள் இந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பெரும்பாலான லேப்டாப்களின் உள்ளே ஒரு சின்ன விசிறி சுற்றுகிறது. சூட்டை வெளியே தள்ளுவது அதன் வேலை. அதற்காக அது உள்ளே இழுப்பதோ கடற்காற்று. காற்றோடு வரும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்துகள் மதர்போர்டில் படிகிறது. வேலை ஓடும்போது போர்டு சூடாக இருப்பதால் பெரிய ஆபத்தில்லை. இரவில் அணைத்து, குளிர்ந்த பிறகுதான் வினை. உப்பு கரைந்து உப்புநீராகிறது, உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. லேப்டாப் அணைந்திருந்தாலும் பேட்டரியிலிருந்து சில தடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். மயிரிழை இடைவெளியில் ஓடும் செம்புத் தடங்களுக்கு நடுவே இந்த நீர் புகுந்தால், பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த மின்பகுப்பு அங்கே சத்தமில்லாமல் நடக்கும். செம்புக் குடத்தில் பச்சையாகப் படியுமே களிம்பு, அதேதான் போர்டிலும்.

அதனால், விலை கொடுத்து வாங்கிவிட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று பையில் போட்டு பீரோவில் வைக்கிற பழக்கம் இந்தப் பக்கத்துக்கு ஆகாது. தினமும் கொஞ்ச நேரம் ஓடுகிற லேப்டாப் தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் பூட்டி வைத்ததுதான் திறக்கும்போது உயிர் பெறாமல் போகும்.

கொலுசின் கதை வேறு. அதைக் கறுக்க வைப்பது உப்பல்ல, கந்தகம். மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையங்கள், கழிவுநீர் தேங்கிய பக்கிங்காம் கால்வாய் என்று கந்தக வாயுக்களுக்கு வடசென்னையில் ஊற்றுக்குப் பஞ்சமில்லை. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்தால் கறுப்பு சல்பைடு. சரி, லேப்டாப்பில் வெள்ளி எங்கிருந்து வந்தது?

அதற்கு ஈயம் பூசும் கதைக்குப் போகவேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்பக்கம் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்க முடியாது. மதர்போர்டின் செம்புக்கும் அப்படி ஒரு பூச்சு வேண்டும். நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தது காரீயமும் வெள்ளீயமும் கலந்த கலவை. காரீயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தியது. உலகம் முழுவதற்கும் ஒரே போர்டு செய்யும் தொழிற்சாலைகள் மாற்றுப் பூச்சுகளுக்குப் போயின. அவற்றில் ஒன்று, மிக மெல்லிய வெள்ளிப் பூச்சு. நல்ல காற்றில் அதற்கு ஒரு குறையும் இல்லை. கந்தகக் காற்றில் பூச்சின் ஓரத்தில் செம்பு சல்பைடு கிளம்பி, போர்டின்மேல் கறையாக ஊர்ந்து, பக்கத்துத் தடத்தைத் தொட்டுவிடும். ஊர்ந்து பரவும் அரிப்பு என்றே பொறியாளர்கள் இதைச் சொல்கிறார்கள். 2006க்குப் பிறகு கந்தகம் மிகுந்த இடங்களில் இந்தக் கோளாறு கூடியது.

காற்று எவ்வளவு மோசம் என்பதை அளக்க ஓர் எளிய முறை இருக்கிறது. செம்புத் தகடு ஒன்றை 30 நாள் தொங்கவிட்டு, அதன்மேல் படிந்த படலத்தின் தடிமனைப் பார்ப்பார்கள். ஐஎஸ்ஏ 71.04 என்ற தரநிலைப்படி 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் அந்தக் காற்று மின்னணுக் கருவிகளுக்கு ஒத்துக்கொள்ளும். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. பெரிய கணினி மையங்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக் காற்றை வடிகட்டுகின்றன. வீட்டில் அதற்கெல்லாம் வழியில்லை. கொலுசைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது சாட்சி, சாம்பல். ராயபுரத்துக்காரர்களுக்குத் துறைமுகத்து நிலக்கரித் தூசி பழைய பகை. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011இல்தான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்று எண்ணூர் பக்கம் போனது. ராயபுரத்துக்கு ஓய்வு, எண்ணூருக்குக் கூடுதல் பாரம். எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டாலும் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தூசி ஒரு லேப்டாப்பை என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஆப்பிளுடையது. 2015இல் அந்த நிறுவனம் மெல்லிய 'பட்டாம்பூச்சி' விசைப்பலகையைக் கொண்டுவந்தது. விசைக்கு அடியில் ஒரு தூசித் துகள் போனால் போதும், எழுத்து இரண்டு முறை விழும் அல்லது விழவே விழாது. 2018 ஜூனில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தார்கள், 2019இல் பழைய கத்தரி வகை விசைக்கே திரும்பத் தொடங்கினார்கள், 2022இல் அமெரிக்க வழக்கு ஒன்றை 5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். கலிபோர்னியாவின் சுத்தமான மேஜையிலேயே இந்தப் பாடு.

அதே ஆப்பிள் 2020 இறுதியிலிருந்து கொண்டுவந்த மேக்புக் ஏர் மாடல்களில் விசிறியே கிடையாது. வெளிக்காற்றை உறிஞ்சும் வாயே இல்லாததால் உப்புக்கும் சாம்பலுக்கும் வாசல் குறைவு. பெரிய வீடியோ வேலையோ விளையாட்டோ இல்லாதவர்கள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், விசிறியில்லாத மாடல் கிடைக்குமா என்று கேட்பதில் தவறில்லை.

ஒரே கம்பெனி ஒரு வருஷம் சொதப்பும், இன்னொரு வருஷம் நன்றாகச் செய்யும். 'எந்த பிராண்டு நல்லது' என்ற கேள்வி பாதி வீணாவது இதனால்தான். 2008இல் என்விடியா தன் கிராபிக்ஸ் சிப்புகளில் ஏற்பட்ட கோளாறுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அந்தச் சிப்பு டெல், ஹெச்பி, ஆப்பிள் மூன்றிலும் இருந்தது. வெளியே மூன்று பெயர், உள்ளே நோய் ஒன்று. 2009இல் ஸ்கொயர்டிரேட் என்ற அமெரிக்க வாரன்டி நிறுவனம் 30,000 லேப்டாப்களின் கணக்கை வெளியிட்டது. மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று பழுதாகும் என்று அது மதிப்பிட்டது. பட்டியலின் மேலே அசூஸும் தோஷிபாவும், கடைசியில் ஹெச்பி. அந்தப் பட்டியலை நம்பி இன்று கடைக்குப் போனால் வேடிக்கை. இரண்டாம் இடம் பிடித்த தோஷிபா 2020இல் லேப்டாப் தொழிலை விட்டே விலகிவிட்டது. மூன்றாவதாக வந்த சோனி 2014இலேயே தன் வையோ லேப்டாப் தொழிலை விற்றுவிட்டது. ஆனால் அதே அறிக்கையில் வயதாகாத செய்தி ஒன்றும் உண்டு: மலிவான நெட்புக்குகள் விலையுயர்ந்த லேப்டாப்களைவிட அதிகமாகப் பழுதாயின. ஆக, கம்பெனியைவிட அதற்குள் எந்த வரிசை என்பதைத்தான் பார்க்கவேண்டும். அலுவலகங்களுக்கென்று செய்யப்படும் லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட் (2025 முதல் டெல் ப்ரோ), ஹெச்பியின் ப்ரோபுக், எலைட்புக் போன்றவை பார்வைக்கு மந்தமாக இருக்கும், விலையும் கூடுதல். ஆனால் திருகாணி கழற்றினால் உள்ளே கை போகும், உதிரிபாகம் பல வருஷம் கிடைக்கும். எப்படிப் பிரிப்பது என்ற கையேட்டை அந்தக் கம்பெனிகளே இணையத்தில் வைத்திருக்கின்றன. வாங்கும் முன் அதைத் திறந்து, ரேம் தனியாக மாற்றக்கூடியதா, போர்டோடு ஒட்டியதா என்று பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

பெட்டியில் 'மில்-ஸ்டாண்டர்டு 810' என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகள் அடங்கிய தொகுப்பு அது. ஈரப்பதத்துக்கு ஒரு சோதனை, மணல் தூசிக்கு ஒன்று, உப்புப் பனிக்கு ஒன்று என்று அதில் பல உண்டு. எதைச் செய்வது, எதை விடுவது என்பது கம்பெனியின் இஷ்டம். பரீட்சையில் பிடித்த கேள்விக்கு மட்டும் பதில் எழுதுவது மாதிரி. ராயபுரத்துக்காரர் கேட்கவேண்டியது, கம்பெனி செய்த சோதனைகளில் உப்புப் பனிச் சோதனை இருக்கிறதா என்பதை.

பிராண்டை நம்பாமல் வாங்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் வழியே வாங்கப்பட்ட அந்த லேப்டாப்களில் ஏசர், லெனோவோ, ஹெச்சிஎல் என்று பெயர்கள் மாறின. டெண்டர் போடுகிறவர் பெயரைப் பார்ப்பதில்லை. என்ன பிராசசர், எவ்வளவு ரேம், எத்தனை வருஷம் வாரன்டி என்று எழுதி வைத்து, பொருந்துகிறவரிடம் வாங்குகிறார். திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் பல வீடுகளுக்கு முதல் லேப்டாப் அந்த அரசு லேப்டாப்தான். இரண்டாவதைச் சொந்தக் காசில் வாங்கும்போதும், ஒரு துண்டுக் காகிதத்தில் சின்னதாக ஒரு டெண்டர் எழுதிக்கொண்டு போகலாம்.

அந்தக் காகிதத்தில் முதல் வரி, வாரன்டி வீட்டுக்கு வருமா, நாம் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா என்பது. வீட்டுக்கு வருவது ஆன்-சைட், தூக்கிப்போவது கேரி-இன். வீட்டு உபயோக மாடல்களில் பலவற்றுக்கு ஒரு வருஷம்தான், அதிலும் எந்த வகை என்பது மாடலுக்கு மாடல் மாறும். கம்பெனியின் இணையதளத்தில் பின்கோடு போட்டுச் சர்வீஸ் சென்டர் தேடலாம். ராயபுரத்துக்கு 600013, திருவொற்றியூருக்கு 600019, எண்ணூருக்கு 600057. போட்டுப் பார்த்தால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு லேப்டாப்பை இரண்டு முறை கொண்டுபோய்க் கொண்டுவருவது என்னவென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, மவுண்ட் ரோடு வரை வண்டி மாறாமல் போகமுடிவது ஆறுதல்.

இரண்டாவது வரி, எதற்கு வாரன்டி கிடையாது என்பது. தண்ணீர் பட்டது, கீழே விழுந்தது, அரித்துப்போனது ஆகியவை வழக்கமான வாரன்டியில் வருவதில்லை. இந்த ஊரில் லேப்டாப் சாகும் வழிகளில் பாதி இதற்குள் அடக்கம்! விபத்துப் பாதுகாப்பு என்று தனியாக விற்பதில் தண்ணீரும் விழுவதும் பெரும்பாலும் வரும், மெல்ல அரிப்பது வருமா என்பதை நிபந்தனைகளில் படித்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். பேட்டரிக்குத் தனிக் கணக்கு; லேப்டாப்புக்கு மூன்று வருஷம் என்றாலும் அதற்கு ஒரு வருஷம் மட்டும் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். வாரன்டியை நீட்டுவதானால் கம்பெனியிடமே, முதல் வாரன்டி முடிவதற்குள் நீட்டுவது நல்லது. கடை தருவது பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் திட்டம். பழுது வந்தால் பேசவேண்டிய ஆள் மாறிவிடுவார்.

வாங்கிய அன்றே சீரியல் நம்பரைக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். வாரன்டி தேதி சில சமயம் நாம் வாங்கிய நாளிலிருந்து இல்லாமல், கிடங்கிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். பில்லைக் காட்டினால் திருத்திக்கொடுப்பார்கள். வெளிநாட்டுச் சரக்கு விற்கும் பர்மா பஜாரிலோ வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலமோ வந்த லேப்டாப்பாக இருந்தால், அந்த வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் அதே பக்கம் பெரும்பாலும் காட்டிவிடும்.

ராயபுரத்தின் பழைய வீடுகளில் இன்னொரு சங்கதி. உலோக உடம்புள்ள லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக் கையை வைத்தால் 'சுருக்' என்று மெல்லிய அதிர்வு வரும். பழுது என்று நினைத்து மாற்றக் கேட்பவர்கள் உண்டு. சார்ஜருக்குள் இரைச்சலை அடக்க ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும், அதன் வழியே துளி மின்சாரம் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் விரலுக்கு. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் மாற்றியில் செருகுவதும் இதே விளைவைத் தரும். பொதுவாக இந்தக் கசிவு ஆபத்தான அளவில் இருப்பதில்லை, ஆனாலும் வீட்டுக்கு ஒழுங்கான எர்த் போடுவது லேப்டாப்பை மாற்றுவதைவிட மலிவு.

வாரன்டி முடிந்த பிறகு எல்லாருடைய வழியும் மின்னணுக் கடைகளுக்குப் பேர்போன ரிச்சி தெருவுக்கு. 'சிப் லெவல் சர்வீஸ்' என்ற பலகை மாட்டிய சின்னக் கடைகளில், களிம்பேறிய போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து அறுந்த தடத்தை ஒட்டவைப்பார்கள். ஊரில் நிறைய விற்ற மாடல் என்றால் அங்கே உதிரி எளிதாக அகப்படும். யாரும் வாங்காத அழகான மாடலுக்குச் சின்னக் கீலுக்கும் காத்திருக்கவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நடந்ததுபோல வெள்ளம் வீட்டுக்குள் வந்து லேப்டாப் நனைந்துவிட்டால், உயிர் இருக்கிறதா என்று பட்டனை அமுக்கிப் பார்ப்பதுதான் பெரிய தப்பு. பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, கழுவக் கொடுக்கவேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் உப்பு போகாது.

கம்பெனி நியாயமில்லாமல் வாரன்டியை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகமுடியும். வடசென்னைக்கென்றே தனி ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. கேட்கப்படும் முதல் காகிதம் பில். கடைகள் இப்போது தருவது தெர்மல் தாள். சென்னை வெயிலில் பர்ஸுக்குள்ளேயே எழுத்து மங்கி, இரண்டாவது வருஷம் எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாளாக இருக்கும். வாங்கிய அன்றைக்கே ஒரு ஜெராக்ஸும் போனில் ஒரு படமும் எடுத்து வைத்துவிடலாம்.